சம்பந்தியும் நானும் ஒரு வடிகுழாயும்

விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறையோர இருக்கையைக் கேட்டு வாங்கியவன் அன்றைக்குச் சென்னை விமான நிலையத்தில் நான் ஒருவன்தான். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அங்க ஆளுங்க வந்து போய்ட்டே இருப்பாங்க சார், தூங்க முடியாது" என்றாள். "வந்து போகப்போறதே நான்தாம்மா" என்றேன். பக்கத்தில் நின்ற தணிகாசலம் சட்டென்று கூரையில் இருந்த விளக்குகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் என் சம்பந்தி. என் மகன் செந்திலுக்குப் பெண் கொடுத்தவர். குறிஞ்சிப்பாடியில் கைத்தறி லுங்கி வியாபாரம். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் "வாங்க சம்பந்தி, சாப்பிட்டீங்களா சம்பந்தி" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. ஒருவர் முன்னால் ஒருவர் ஏப்பம் விடவே யோசிப்போம். அப்படிப்பட்டவரோடு, பை நிறைய பெரியவர்களுக்கான டயப்பரை அடுக்கிக்கொண்டு, ஜெர்மனிக்கு ஆபரேஷனுக்குப் போகிறேன் என்றால் என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கூட வந்திருக்க வேண்டியவள் என் மனைவி சரோஜா. அவளுக்கு இரண்டு முழங்காலும் மக்கர். சம்பந்திக்கோ, ஜெர்மனியில் செந்திலோடு இருக்கிற, ஆறு மாதக் கர்ப்பிணியான மகள் கவிதாவைப் போய்ப் பார்ப்பதற்கு விசா தயாராக இருந்தது. "நான் கூட போய் பாத்துக்கறேங்க, நீங்க கவலப்படாதீங்க" என்று சரோஜாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சென்னைக்குப் போகிற காரில், விழுப்புரம் தாண்டிய பிறகு, இனி அவர் இறங்கித் திரும்ப முடியாது என்று நிச்சயமான பிறகுதான் நான் சொன்னேன்.

விஷயம் இதுதான். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கிற சின்னச் சுரப்பி. அதில் எனக்குப் புற்றுநோய் வந்து, சில வருஷங்களுக்கு முன் சென்னையில் முழுசாக எடுத்துவிட்டார்கள். நோய் போயிற்று. கூடவே சிறுநீரை அடக்குகிற சாமர்த்தியமும் பாதி போயிற்று. தும்மினால் கசியும், குனிந்தால் கசியும், சிரித்தால் கட்டாயம் கசியும்.

இதில் கொடுமை என்னவென்றால் என் உத்தியோகம். நெய்வேலி மைன்ஸில் நிலத்தடி நீர்ப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயரானவன் நான். எங்கள் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்ப் வைத்து மூன்று ஷிஃப்ட்டும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தீபாவளிக்கும் லீவு கிடையாது. நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். அவ்வளவு பெரிய தண்ணீரைக் கட்டுக்குள் வைத்திருந்தவனுக்குச் சொந்தத் தண்ணீர் அடங்கவில்லை.

கசிவோடு வாழப் பழகிவிட்டேன். ஆனால் சுரப்பியே இல்லாதவனுக்குச் சுழியில் நிற்க வேண்டிய பி.எஸ்.ஏ. என்கிற ரத்த எண் மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தால், இடுப்புக்குள் இரண்டு நிணநீர் முடிச்சுகளில் நோய் போய் உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் ஊசி போடலாம் என்றார்கள். போட்டால் நோய் தூங்கும், கூடவே என் தெம்பும் தூங்கும் என்று கேள்விப்பட்டேன். மறுபடி வயிற்றைத் திறந்து அந்த முடிச்சுகளை மட்டும் எடுக்கிற மருத்துவமனை ஒன்று செந்தில் இருக்கிற ஊரிலேயே இருப்பதாகத் தெரிந்தது. ஊசியைக் கொஞ்ச காலமாவது தள்ளிப்போடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ரொம்ப காலம் தள்ளிப்போடலாம். பேரப்பிள்ளை என் தோளில் உட்கார்ந்து தேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குத் தாங்குகிற தோள் வேண்டும் இல்லையா?

டவுன்ஷிப்பில் இதையெல்லாம் சொல்ல முடியாது. ஒரு பிளாக்கில் தும்மினால் அடுத்த பிளாக்கில் கஷாயம் வைப்பார்கள். காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் "மருமக மாசமா இருக்கா, பார்த்துட்டு வரலாம்னு" என்று சொல்லிவைத்தேன். "பொம்பளைங்க யாரும் போகாம மாமனாரும் அப்பாவும் போறீங்களா? என்ன சார், பிரசவம் பார்க்கவா?" என்று ஒருவர் கேட்டார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் திட்டம் வேண்டும்.

விமானத்தில் நான் எழுந்து எழுந்து போய் வந்ததைச் சம்பந்தி மரியாதையாகக் கவனிக்காமல் இருந்தார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கும் அன்றைக்குத் தூக்கம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து செந்தில் இருக்கும் ஊருக்கு ரயில். "மாறவே வேண்டாம்பா, ஏறி உட்கார்ந்தா நேரா இங்க வந்துடலாம்" என்றிருந்தான். வண்டி சுத்தம். சத்தமே இல்லை. விருத்தாசலம் பாசஞ்சரில் போய்ப் பழகியவனுக்கு வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே சந்தேகம். சம்பந்தி முன்பெட்டிகளில் டீ கிடைக்குமா என்று பார்க்கப் போனார். பையைத் தனியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் தோளில் இருந்த பையோடு போனார். அது என்னுடைய பை.

வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் பெட்டிக்கு முன்னால் இருந்த பாதி ரயில் கழன்று தன்பாட்டுக்குப் போய்விட்டது. எதிரே இருந்த பாட்டியம்மா என் முகத்தைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள்: "முன்பாதி வேறு ஊருக்குப் போகிறதாம். கவலைப்பட வேண்டாம், அதுவும் நல்ல ஊர்தான் என்கிறார்."

நல்ல ஊராக இருக்கலாம். என் டயப்பர்கள் அங்கே போய்க்கொண்டிருந்தன. மீதி தூரம் முழுக்க நான் காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, சிரிக்காமல், தும்மாமல், சாமியார் மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

செந்தில் ஊர் ஸ்டேஷனில் காத்திருந்து, சம்பந்தி ஒருவழியாக வேறு வண்டியில் வந்து சேர்ந்தபோது அவரோடு ஒரு பெண் டிக்கெட் பரிசோதகரும் வந்தார். இருவரும் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி கை குலுக்கிப் பிரிந்தார்கள். "எப்படி சம்பந்தி பேசினீங்க?" என்று கேட்டேன். "இன்னாத்த பேசறது? ஜோபில இருந்த காடாம்புலியூர் முந்திரிய எடுத்து நீட்னேன். அந்தம்மா தின்னுகினே போன் பண்ணிச்சு" என்றார். 'தானே' புயலில் விழுந்துபோன தோப்பில் மறுபடி நட்ட மரங்களின் காய்ப்பு அது. பெட்டி நிறைய கொண்டுவந்திருந்தார். அந்தப் பயணத்தில் எங்களுக்கு அதுதான் பாஷை.

மறுநாள் செந்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றான். கோயில், கோட்டை, ஆறு என்று அடுக்கினான். எனக்கு வேறு ஆசை. அவன் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. ரொம்ப வருஷங்களுக்கு முன்னால் எங்கள் மைன்ஸில் மண்ணை வெட்டிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் இந்த நாட்டிலிருந்து வந்தவை. தாய் வீட்டைப் பார்க்காமல் போவதா?

சுரங்கத்தின் விளிம்பில் மேடை கட்டி, பெஞ்சு போட்டு, ஐஸ்கிரீம் விற்கிறார்கள். குழந்தை குட்டியோடு வந்து குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே அதே சக்கரம், அதே வாளிகள், அதே நிறத்தில் மண். சம்பந்தி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுக்காங்க இம்மாந்தூரம்? நம்மூரு மந்தாரக்குப்பத்துல டீ குடிச்சிகினே பாக்கலாமே!" செந்தில் சிரித்துக்கொண்டே ஐஸ்கிரீம் வாங்கப் போனான்.

நான் மேடையை விட்டு இறங்கி வேலியோரம் போனேன். நினைத்தது சரி. தடித்த குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயும் தண்ணீர் இறைக்கிறார்கள். குழாய் மேல் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே பம்பின் அதிர்வு. நல்ல பம்ப், பேரிங் சத்தமில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.

"எப்பதாங்க இத்த நிறுத்துவாங்க?" என்றார் பின்னாலேயே வந்த சம்பந்தி.

"நிறுத்த மாட்டாங்க சம்பந்தி. மைன்ஸ் இருக்கிற வரைக்கும் ஓடும். தண்ணிய யாரும் தீர்க்க முடியாது. கீழ எறக்கி வைக்கிறதுதான் வேலை."

குழாயிலிருந்து கையை எடுக்காமலே, "எனக்குப் பயமா இருக்கு சம்பந்தி" என்றேன். சரோஜாவிடம்கூடச் சொல்லாத வார்த்தை. அவரும் தன் கையைக் குழாய் மேல் வைத்துக்கொண்டு நின்றார். செந்தில் ஐஸ்கிரீமோடு வந்து பார்த்தபோது இரண்டு கிழவர்கள் ஒரு இரும்புக் குழாயைத் தடவிக்கொண்டு நின்றிருந்தோம்.

மருத்துவமனையில் சேர்ந்த அன்றே டாக்டர் வந்து பேசினார். உயரமான மனிதர், எங்கள் ஊர் டாக்டர்கள் மாதிரி வாசற்படியில் நின்றபடி பேசாமல் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெர்மனில் ரொம்ப நேரம் சொன்னார். செந்தில் அதைத் தமிழில், "எல்லாம் சரியாயிடுமாம்பா" என்று முடித்துவிட்டான். அவ்வளவு பெரிய பேச்சு இவ்வளவு சின்னதாகச் சுருங்குமா? நானே ஆங்கிலத்தில் கேட்டேன். அவரும் ஆங்கிலத்துக்கு மாறினார். "என் கருவிக்குத் தெரிவதை எடுத்துவிடுவேன். தெரியாததைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. சிலருக்கு ரொம்ப நாள் வருவதில்லை." செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஒரு கதிர் மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது போய் நோயுள்ள முடிச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷன் சமயத்தில் ஒரு சின்னக் குச்சியை உள்ளே காட்டினால், அது ஒட்டியிருக்கிற இடத்தில் சத்தம் போடும். ஊசி போட்டதும், கர்ப்பிணிகள் இன்றைக்கு அருகில் வரக் கூடாது என்றார் நர்ஸ் உர்சுலா. செந்திலும் கவிதாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். "நீங்களும் போங்க சம்பந்தி, கதிர் அடிக்குமாம்" என்றேன். "நான் என்னா மாசமாவா கீறேன்?" என்று சொல்லி நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டார்.

அவருக்குப் பெரிய வருத்தம் சாப்பாட்டில்தான். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ராச்சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். கறுப்பு ரொட்டி, சீஸ், ஒரு வெள்ளரி ஊறுகாய். எல்லாம் ஜில்லென்று. "காச்சக்காரனுக்கே சுடுகஞ்சி குடுப்பாங்களே, வயித்த அறுக்கப் போற மனுசனுக்கு இப்பிடி பச்சத்தண்ணியாட்டம் குடுக்கறாங்களே" என்று புலம்பினார். வெளியே உச்சி வெயில் மாதிரி வெளிச்சம். ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி பத்து மணிவரை சூரியன் போவதில்லை. பொழுது சாயாமல் ராச்சாப்பாடு சாப்பிட அவருக்குக் கை வரவில்லை. அந்த வாரம் முழுக்க இருட்டட்டும் என்று காத்திருந்தே மனிதர் இளைத்துப்போனார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதலில் தெரிந்தது சம்பந்தியின் மீசை. "மூணு எடுத்துட்டாங்களாம். ரெண்டுன்னு வந்தோம், ஒன்னு ஒளிஞ்சிக்கினு இருந்திச்சாம்" என்றார். மூன்றாவதையும் எடுத்த பிறகு கருவி சத்தம் போடவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அடுத்து நான் பார்த்தது என் அடிவயிற்றில் இருந்து புறப்பட்ட ஒரு குழாயை.

முடிச்சுகளை எடுத்த இடத்தில் நிணநீர் ஊறும், அதை வெளியே கொண்டுவரத்தான் அந்த வடிகுழாய். கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் போய்ச் சேர்கிறது. எனக்கு உடனே உயிர் வந்துவிட்டது. இது நம்ம டிபார்ட்மென்ட் அல்லவா? முதல் நாள் பை நன்றாக நிரம்பியது. உர்சுலா அளந்துவிட்டு உதட்டைச் சுழித்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் புரியாமல் பார்த்தார். இரண்டாம் நாளும் நல்ல வரத்து. "பாருங்க சம்பந்தி, என்னா டிஸ்சார்ஜ்" என்று பம்ப்காரன் பாஷையில் பெருமையாகக் காட்டினேன். அவரும் பக்தியோடு பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையில் பையில் கொஞ்சம்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் சொட்டுகூட இறங்கவில்லை.

எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் பிரிவில் தண்ணீர் வரத்து குறைந்தது என்றால் ஒரே அர்த்தம்தான். ஃபில்டர் அடைத்துக்கொண்டது, கீழே அழுத்தம் ஏறுகிறது, சீக்கிரம் தரை பிளக்கும். இங்கே தரை என்பது என் வயிறு. "சம்பந்தி, அடைச்சிகிட்டுது" என்றேன். "ஐயயோ, இன்னா பண்றது?" என்றார். அடைத்த போர்வெல்லை நாங்கள் சுத்தம் பண்ணுகிற வழி எனக்குத் தெரியும். குழாயை அங்கங்கே நசுக்கி, சட்டென்று விட்டு, உள்ளே ஒரு ஆட்டம் கொடுக்க வேண்டும். சம்பந்தியைக் குழாயின் இந்த முனையைப் பிடிக்கச் சொன்னேன். லுங்கி வியாபாரத்துக்கு வருமுன் தறியில் உட்கார்ந்தவர், நூல் சிக்கை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் பதமாகப் பிடித்தார். நான் பையைத் தலைக்கு மேல் தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கினேன். கூடவே ஒரு ஜாடித் தண்ணீரையும் மளமளவென்று குடித்தேன், வரத்து கூடட்டும் என்று. ஒன்றும் வரவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

உர்சுலா ஓடிவந்தார், பின்னால் ஒரு சின்ன டாக்டர், அவருக்குப் பின்னால் இன்னும் யாரோ. தலைக்கு மேல் பையைத் தூக்கிப் பிடித்த நானும், குழாயைப் பிடித்தபடி கண்கலங்கி நின்ற தணிகாசலமும் அவர்களுக்கு என்னவாகத் தெரிந்தோமோ. பிரேக்டவுன் என்றேன். அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். செந்திலுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள்.

"அப்பா! குறையணும்னுதாம்ப்பா மூணு நாளா காத்துக்கிட்டு இருக்காங்க. ஊறுறது நின்னுட்டா புண்ணு ஆறுதுன்னு அர்த்தம். நாளைக்குக் குழாய எடுத்துடுவாங்க. தயவுசெஞ்சு அந்தப் பைய கீழ வைங்க."

கீழே வைத்தேன். உர்சுலா முதல் நாள் ஏன் உதட்டைச் சுழித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. வேலை பார்த்த காலம் முழுக்க எண் குறைந்தால் நெஞ்சு அடித்துக்கொண்ட ஆள், இனிமேல் எண் குறைந்தால் சந்தோஷப்படப் பழக வேண்டும். ரிட்டயரான பிறகு டிரெயினிங்! சம்பந்தி மட்டும் சமாதானமாகவில்லை. "எதுக்கும் இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லுங்க" என்று உர்சுலாவுக்கு முந்திரியை நீட்டினார்.

குழாய் போனது, தையல் பிரித்தார்கள், ஊர் திரும்பினோம். கிளம்பும்போது டாக்டர், கொஞ்ச வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். நடை நண்பர்கள், "மருமகளைப் பாக்கப் போயிட்டு நீங்கதான் பத்தியம் இருந்த மாதிரி வந்திருக்கீங்க" என்றார்கள். சிரித்து மழுப்பினேன், அளவாக.

மந்தாரக்குப்பத்தில் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வருகிற அன்று குறிஞ்சிப்பாடியிலிருந்து சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். சரோஜா உள்ளே சாமி படத்துக்கு முன்னால் இருந்தாள். போனில் எண் வந்தது. இரண்டுக்கு மேல் போயிருந்த பி.எஸ்.ஏ. இப்போது சுழி இல்லை, ஆனால் சுழிக்குப் பக்கத்து வீடு. ஊசி இப்போதைக்கு வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் சென்னை டாக்டர். சரோஜா ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முழுசா பூட்டுதுங்களா சம்பந்தி?" என்றார் அவர்.

"போகல. கீழ எறங்கியிருக்கு."

"அப்ப நம்ம மைன்ஸ் மாதிரிதானுங்க. பம்ப்ப நிறுத்தாம பாத்துக்கினா ஆச்சி" என்றார். அங்கே குழாய் மேல் கைவைத்து நின்றபோது பதில் பேசாமல் இருந்தவர், இத்தனை வாரம் கழித்து அந்தப் பதிலைக் கொண்டுவந்து தந்தார்.

செந்திலிடம் சொல்லப் போன் செய்தோம். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "குழந்தை பொறந்ததும் கிளம்பி வாங்கப்பா. டிக்கெட் பாக்கறேன். அதே பாத்ரூம் பக்கத்து சீட்டுதானே?" என்றான். நான் வாயைத் திறக்குமுன் சம்பந்தி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டா போடுங்க மாப்ள. பாத்ரூம் பக்கத்துல அவுருக்கு, அவுரு பக்கத்துல எனக்கு. இந்த வாட்டி பைய நான் தூக்க மாட்டேன்!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தால் கசியும் என்று தெரிந்துதான் சிரித்தேன்.